புத்தகங்கள் பீரோவை விட்டு வெளியே வந்த கதை

எங்கள் பள்ளியில் கதைப் புத்தகங்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. நான் மாறுதலில் வந்து சேர்ந்தபோது அத்தனையும் இருப்புப் பதிவேட்டில் வரிசை எண்ணோடு இருந்தன. பச்சை பீரோவுக்குள் முத்திரை குத்தி, கட்டுக்கட்டாகக் கயிறு சுற்றி அடுக்கியிருந்தார்கள். சாவி தலைமையாசிரியையின் மேசை இழுப்பறையில். பிள்ளைகள் கையில்தான் ஒன்றும் இல்லை.

திருவண்ணாமலை மாவட்டத்தில் மலையடிவாரத்தை ஒட்டிய ஈராசிரியர் பள்ளி இது. ஒன்று முதல் மூன்று வரை தலைமையாசிரியை பார்த்துக்கொள்கிறார், நான்கும் ஐந்தும் என் பொறுப்பு. கரும்பு வெட்டுக்கும் பெங்களூர் கட்டட வேலைக்கும் பெற்றோர் போய்விட, பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைகள் பாதிக்கு மேல். வீட்டில் அச்சடித்த தாள் என்று பார்த்தால் ரேஷன் கார்டும் காலண்டரும் இருக்கும். இந்தப் பிள்ளைகள் யாரும் சொல்லாமல் தாங்களாகப் புத்தகம் எடுத்து உட்காருவதற்கு என்னென்ன செய்தோம், எது பலித்தது என்பதை எழுதச் சொல்லி வட்டாரக் கூட்டங்களில் பழகிய ஆசிரியர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதற்காகத்தான் இது.

முதலில் பீரோ விஷயம். பூட்டி வைத்த ஆசிரியர்களைத் திட்டிப் பயனில்லை. பள்ளிக்கு வரும் எந்தப் பொருளும் இருப்புப் பதிவேட்டில் ஏறும். தலைமையாசிரியர் மாறிப் போகும்போது ஒவ்வொன்றாக எண்ணி அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். குறைந்தால் பதில் சொல்ல வேண்டும், சில நேரம் கைக்காசு போட வேண்டும். மேசையும் மின்விசிறியும் பத்து வருடம் இருக்கும். பதினாறு பக்கக் கதைப் புத்தகம் நாற்பது கைகளில் புரண்டால் ஒரு வருடத்தில் கிழியும். இரண்டையும் ஒரே கண்ணால் தணிக்கை பார்க்கும் வரை பூட்டுதான் பாதுகாப்பு என்று யாருக்கும் தோன்றும்.

2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், அதில் செய்தித்தாள், இதழ்கள், கதைப் புத்தகங்கள் உள்பட எல்லாம் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. புத்தகமும் ஏதோ ஒரு திட்டத்தில் வந்துகொண்டேதான் இருக்கிறது. முன்பு புத்தகப் பூங்கொத்து, அண்மையில் வாசிப்பு இயக்கம், நான்கு ஐந்தாம் வகுப்புகளுக்கு ஊஞ்சல் இதழ். வந்ததைத் திறந்து வைப்பதற்குத்தான் ஆள் வேண்டும். 'நூல்கள் பயன்பாட்டுக்கே' என்பதை நூலகவியலின் முதல் விதியாக 1931இலேயே எழுதி வைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். நம் ஊர்க்காரர் சொன்னதை நம் பீரோவே கேட்கவில்லை.

வழி கண்டுபிடித்தது தலைமையாசிரியைதான். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டோம். கதைப் புத்தகங்கள் வகுப்பறையில் திறந்து வைக்கப்படும். வீட்டுக்கும் கொடுத்தனுப்பப்படும். கல்வியாண்டு முடிவில் கிழிந்தவையும் தொலைந்தவையும் கணக்கெடுத்துக் குழுவின் முன் வைத்து, பதிவேட்டில் குறிக்கப்படும். குழுத் தலைவி, எங்கள் மூன்றாம் வகுப்புப் பையனின் அம்மா, "நோட்டு புக்கு கிழியலியா டீச்சர், அத மாதிரிதான். எழுதுங்க" என்று கையெழுத்துப் போட்டார். மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில்கூட, ஆண்டில் வாசகர்களுக்குக் கொடுக்கும் ஆயிரம் நூல்களுக்கு ஐந்து தொலைவது நியாயமான இழப்பு என்று விதி இருக்கிறது, அதில் கவனக்குறைவோ நேர்மையின்மையோ இல்லாவிட்டால். நம் பள்ளிகளுக்கு அது நேராகப் பொருந்தாது. ஆனால் அதைப் படித்துக் காட்டியதும் தலைமையாசிரியைக்குத் தெம்பு வந்தது. இதைப் படிக்கும் ஆசிரியர்கள் வேறு எதையும் செய்வதற்கு முன் இந்தத் தீர்மானத்தைப் போட்டுவிடுங்கள். மேலே இருப்பவருக்குப் பயம் போகாமல் கீழே இருக்கும் பிள்ளைக்குப் புத்தகம் போகாது.

பிறகு கயிறு. அலமாரி வாங்கக் காசில்லை என்பது உண்மைதான், இருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன். சின்னப் பிள்ளைகளின் புத்தகம் நடுவில் பின் அடித்தது, அதற்கு முதுகே கிடையாது. அலமாரியில் நிமிர்த்தி அடுக்கினால் பிள்ளைக்குத் தெரிவது வெள்ளைக் கோடு மட்டும். அட்டை முழுதாகத் தெரிந்தால்தான் "அந்த யானை புக்கு" என்று கேட்கும். செயல்வழிக் கற்றல் காலத்தில் சுவர் நெடுகப் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை அடித்தார்களே, அது எங்கள் வகுப்பில் அப்படியே இருக்கிறது. அதற்கு மேலே இரண்டு ஆணிக்கு நடுவே கயிறு கட்டி, துணி கிளிப்பில் புத்தகங்களை மாட்டினோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாட்டக் கூடாது. முப்பது, முப்பத்தைந்து போதும். திங்கட்கிழமை காலை பத்துப் புத்தகத்தைக் கழற்றிவிட்டு வேறு பத்தை மாட்டினால், பழக்கப்பட்ட சுவரில் என்ன மாறியிருக்கிறது என்று பார்க்கவே ஒரு கூட்டம் வரும்.

நேரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். காலை உணவுத் திட்டத்திலிருந்து வந்தது. 2023 ஆகஸ்டில் அது எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த பிறகு பிள்ளைகள் எட்டே காலுக்கெல்லாம் வந்துவிடுகிறார்கள். உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுக் கை கழுவினால் பிரேயர் மணி வரை ஏறத்தாழ அரைமணி இருக்கிறது. முன்பு அந்த நேரத்தில் சண்டை பஞ்சாயத்துதான் நடக்கும். இப்போது ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கயிற்றுக்கு வருகிறார்கள். பாட வேளையில் எதையும் குறைக்கவில்லை என்பதால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு இருக்கும் ஒரே நிபந்தனை, அந்த அரைமணி நானும் ஒரு புத்தகத்தோடு உட்கார வேண்டும், வருகைப் பதிவு ஏற்றும் எமிஸ் செயலியைத் திறக்கக் கூடாது. சொல்லும்போது சுலபமாகத் தெரியும். வருகைப் பதிவு ஏறவில்லை என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வரும் காலையில் செய்து பாருங்கள்.

அடுத்தது கேள்வி. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். நம் பள்ளிகளில் ஒரு கதையை முடித்தால் உடனே அதன் கழுத்தைப் பிடிப்பது வழக்கம். கதையில் வந்த விலங்குகள் எவை? இக்கதையிலிருந்து நீ அறியும் நீதி யாது? பாடத்துக்கு அது வேண்டும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தானாக எடுத்த புத்தகத்துக்குப் பின்னாலும் அதே கேள்வி நிற்கிறது என்று தெரிந்தால் பிள்ளை அடுத்த முறை எடுக்காது, அல்லது ஏற்கெனவே பதில் தெரிந்த புத்தகத்தையே திரும்பத் திரும்ப எடுக்கும். ஆரம்பத்தில் நான் பக்கத்தில் போய் நின்றாலே ஒரு பெண் புத்தகத்தை மூடி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வாள். "நான் இன்னும் முழுசா படிக்கல மிஸ்" என்பாள். கேட்க மாட்டேன் என்று பத்து முறை வாயால் சொல்வதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் கேட்காமல் என் புத்தகத்தைப் படித்துவிட்டு எழுந்து போவதுதான் வேலை செய்தது. சில வாரம் கழித்து அவளே என் முழங்கையைத் தட்டி, "மிஸ், இந்தக் கெழவி பொய் சொல்லுது பாருங்க" என்று காட்டினாள். வகுப்பில் அதுவரை நான் கேட்டு வாங்கிய எந்தப் பதிலிலும் கதாபாத்திரம் பொய் சொல்வதைப் பிள்ளைகள் கண்டுபிடித்ததில்லை.

அதனால் எங்கள் வகுப்பில் காலை அரைமணியில் கேள்வி கிடையாது, சுருக்கம் எழுதுவது கிடையாது. பிடிக்கவில்லை என்றால் மூன்றாம் பக்கத்திலேயே மாட்டிவிட்டு வேறு எடுக்கலாம். ஒரே புத்தகத்தை வாரம் முழுதும் படிக்கலாம். படம் மட்டும் பார்க்கலாம். இரண்டு பேர் ஒன்றாகப் படிக்கலாம். வாய்விட்டுப் படிக்கலாம். இந்தக் கடைசியை வந்து பார்ப்பவர்கள் ஏற்பதில்லை, மௌன வாசிப்பு என்றால் மௌனம் வேண்டாமா என்பார்கள். ஒன்பது வயதில் பல பிள்ளைகளுக்கு உதடு அசையாமல் எழுத்து உள்ளே இறங்காது. விரல் வைக்கட்டும், முணுமுணுக்கட்டும். சத்தம் தானாகக் குறைகிறது. குறையாத பையனும் உண்டு, அவனை வாசற்படியில் உட்காரச் சொன்னோம். இப்போது அவன் படிப்பதை அங்கன்வாடிப் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

தமிழில் தனியாக வாசிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. நம் எழுத்துகள் 247ஐயும் சொல்லத் தெரிந்த பிள்ளையே கதைப் புத்தகத்தில் தடுக்கி விழும். வீட்டில் பூனை பாலை 'பாத்துக்குனு இருந்துச்சு'. புத்தகத்தில் அது 'பார்த்துக்கொண்டிருந்தது'. பன்னிரண்டு எழுத்து, நடுவில் மூச்சு விட இடமில்லை. எழுத்துக்கூட்டி முடிக்கும்போது முதல் பாதி மறந்துபோயிருக்கும், முடித்த பிறகும் அது தான் தினமும் சொல்லும் சொல்தான் என்று தெரியாது. பிள்ளை வாசிக்கவில்லை என்று நாம் எழுதி வைக்கும் குறிப்பில் பாதி இந்த இடத்தில் நடப்பதுதான்.

இதற்கு நான் கண்ட மருந்து ஒன்றுதான்: நாம் வாசித்துக் காட்டுவது. மதியச் சாப்பாடு முடிந்து தூக்கம் சொக்கும் நேரத்தில் பத்து நிமிடம். கதை சொல்வது வேறு, வாசித்துக் காட்டுவது வேறு. சொல்லும்போது நம் பேச்சில் சொல்லிவிடுவோம். வாசிக்கும்போது அச்சில் இருக்கும் தமிழ் பிள்ளையின் காதுக்குப் பழகுகிறது. 'பார்த்துக்கொண்டிருந்தது' என்பதை நான் பூனையின் கண்ணோடு இழுத்து வாசித்தால், மறுநாள் பக்கத்தில் அதைப் பார்க்கும்போது எழுத்துக்கூட்டாமல் தாண்டிப் போகிறார்கள். இதற்காகக் கயிற்றில் தொங்கும் புத்தகத்திலிருந்தே எடுப்பேன், முடிந்தவரை இரண்டு பிரதி உள்ளதாகப் பார்த்து. வாசித்து முடித்ததும் அவர்கள் கண் முன்னாலேயே திரும்ப மாட்டிவிடுவேன். மறுநாள் காலை முதலில் கழலும் கிளிப் அதுதான். கதை தெரிந்த புத்தகத்தை எடுத்து என்ன பயன் என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். தெரிந்த கதை என்பதால்தான் தெரியாத எழுத்தைத் தாண்ட முடிகிறது. தடுமாறும் பிள்ளைக்கு அதைவிட நல்ல கைப்பிடி இல்லை.

இன்னொன்றும் செய்தோம். ஏ4 தாள் நான்கை மடித்து நடுவில் பின் அடித்தால் பதினாறு பக்கம். பிள்ளைகள் சொல்வதைச் சொல்கிறபடியே எழுத வைத்தோம். எருது விடும் விழாவில் தாத்தா விழுந்தது, ராத்திரி ஆடு குட்டி போட்டது, போர்வெல் லாரி வந்து தண்ணீர் வராமல் போனது. 'எங்க தாத்தா வுழுந்துட்டாரு, ஆனா சிரிச்சாரு' என்று இருந்தால் அப்படியேதான் இருக்கும். பெயர் எழுதி, அட்டைப் படம் வரைந்து, வாங்கிய புத்தகத்துக்கு நடுவே அதே கயிற்றில் மாட்டினோம். பேச்சு வழக்கில் எழுத விடலாமா, பிழையெல்லாம் திருத்தக் கூடாதா என்று கூட்டத்தில் கேட்டார்கள். ற, ர மாறிய எழுத்துப் பிழையை அந்தப் பிள்ளையையே உட்கார வைத்துத் திருத்துவேன். தாத்தா விழுந்தாரா வுழுந்தாரா என்பதில் கை வைக்க மாட்டேன். வகுப்பிலேயே கடைசியாக வாசிக்கத் தொடங்கியவன் முதன்முதலில் முழுதாக வாசித்தது நண்பன் எழுதிய ஆட்டுக்குட்டிப் புத்தகம்தான். அதில் வந்த ஆடு அவனுக்கும் தெரிந்த ஆடு.

பிள்ளைகளையும் புத்தகங்களையும் திறன்படி பிரிக்கும் நிலை பற்றிச் சொல்லியாக வேண்டும். அரசின் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர். வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் நுழை, நட, ஓடு, பற. ஆசிரியருக்கு இவை பயன்படும் பிரிவுகள், எனக்கும் பயன்படுகின்றன. ஆனால் பெயரை எவ்வளவு அழகாக வைத்தாலும் தான் எங்கே நிற்கிறோம் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். ஐந்தாம் வகுப்பில் மீசை அரும்பப் போகிறது போல நிற்கும் பையன், பக்கத்துக்கு ஒரு வரி உள்ள 'நுழை' புத்தகத்தை எல்லார் முன்னாலும் எடுக்க மாட்டான். 'பற' புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பான். அவனுக்குத் தேவை சின்னப் புத்தகம். அதைவிட, அதை எடுக்க மானமுள்ள காரணம் தேவை.

காரணத்தை ஒன்றாம் வகுப்பு கொடுத்தது. வெள்ளிக்கிழமை மதியம் ஐந்தாம் வகுப்பார் ஒவ்வொருவரும் ஒரு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு புத்தகம் வாசித்துக் காட்ட வேண்டும் என்று வைத்தோம். அதற்குத் தயாராக வேண்டுமே! வாரம் முழுதும் சின்னப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் யாரும் சிரிக்க முடியாது, அண்ணன் வேலை பார்க்கிறான். அந்தப் பையன் ஒரே புத்தகத்தைப் பதினைந்து இருபது தடவையாவது வாசித்திருப்பான். வெள்ளிக்கிழமை அவன் மடியில் உட்கார்ந்த குட்டி, "இன்னொரு வாட்டி ணா" என்றது. நான் கொடுத்திருக்கக் கூடிய எந்தப் பாராட்டும் அந்த 'ணா'வுக்கு ஈடாகாது. தலைமையாசிரியைக்கும் இதில் லாபம், அந்த நேரத்தில் இரண்டாம் மூன்றாம் வகுப்பை நிதானமாகப் பார்க்கலாம்.

பரிசு வேண்டாம். ஊர்க்காரர் ஒருவர், நல்ல மனசோடுதான், அதிகப் புத்தகம் படிக்கும் பிள்ளைக்கு டிபன் பாக்ஸ் தருகிறேன் என்றார். அந்தக் காசுக்குத் துளிர் என்ற சிறுவர் அறிவியல் இதழுக்குச் சந்தா கட்டித் தாருங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டோம். எண்ணிக்கைக்குப் பரிசு என்றால் பிள்ளைகள் எண்ணிக்கையைத்தான் படிப்பார்கள். மெல்லப் படிக்கிற, படத்திலேயே அரைமணி நிற்கிற பிள்ளைதான் அந்தக் கணக்கில் முதலில் தோற்கும். சுவரில் நட்சத்திரம் ஒட்டும் அட்டவணையும் எனக்கு அதே காரணத்தால் ஆகாது.

வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. பெயர், புத்தகம், எடுத்த தேதி, கொடுத்த தேதி. எழுதுவது பிள்ளைகளே, வாரத்துக்கு ஒருவர் நூலகர். "பாடத்தப் படிக்காம கதை படிக்குது" என்று புகார் சொன்ன பாட்டிகள் உண்டு. விளக்கம் எதுவும் சொல்லவில்லை. ராத்திரி பாட்டிக்கு வாசித்துக் காட்டிவிட்டு வா என்று பேத்தியிடமே சொன்னோம். கிழிந்து வரும் புத்தகத்துக்கு மூலையில் ஒரு அட்டைப் பெட்டி, புத்தக ஆஸ்பத்திரி என்று பெயர். செலோடேப் போடாதீர்கள், ஓராண்டில் மஞ்சளாகிப் பக்கத்தையே பிய்த்துக்கொண்டு வரும். மைதாப் பசையும் மெல்லிய வெள்ளைத் தாளும் நன்றாக நிற்கின்றன. பசையில் துளி மயில்துத்தம் கலந்தால் பூச்சி வராது என்பார்கள். அது விஷம், பிள்ளைகள் கை வைக்கும் இடத்தில் வேண்டாம். கரும்பு வெட்டுக்குப் போன குடும்பங்களோடு சில புத்தகங்கள் போய்விட்டன. போகட்டும். அங்கே யாராவது பிரிக்காமலா இருப்பார்கள்?

புத்தகம் போதவில்லை என்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, நான்கு நிலைகளில். அச்சிட்டு மாட்ட உரிமச் சிக்கலும் இல்லை. நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசையில் விலை இன்னும் கைக்கு எட்டுகிறது. புத்தகக் காட்சிக்குப் போனால் ஆசிரியர்கள் தாங்களே தேர்ந்தெடுக்காமல் இரண்டு பிள்ளைகளைக் கூட்டிப் போய்த் தேர்வு செய்யச் சொல்லலாம். நமக்குப் பிடித்த நீதிக்கதை அவர்கள் கையில் நிற்காது. பேய், பாம்பு, லாரி, சாப்பாடு, குசு. இவைதான் முதலில் போகும். குசு வரும் புத்தகத்தைத் தலைமையாசிரியை முதலில் ஒளித்து வைத்தார், பிறகு அவரே மாட்டினார்.

எல்லாப் பிள்ளைகளும் வாசகர்களாகிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். இன்றும் காலை அரைமணியில் கயிற்றின் அடியில் படுத்துக்கொண்டு கூரை ஓடுகளை எண்ணுகிற இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவனுக்குக் கண் பரிசோதனை வேண்டும் என்று தோன்றி, பள்ளிக்கு வந்த மருத்துவக் குழுவிடம் காட்டினோம், கண்ணாடி வந்திருக்கிறது. வாசிக்கவில்லை என்று முடிவு கட்டும் முன் கண்ணைப் பார்த்துவிடுங்கள்.

இப்போது எங்களுக்குப் பெரிய கவலை ஐந்தாம் வகுப்பை முடித்துப் போகிறவர்கள். ஆறாம் வகுப்புக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளி நடுநிலைப் பள்ளிக்குப் போகிறார்கள். அங்கே கயிறு இல்லை. சனிக்கிழமை வந்து, "மிஸ், புது புக்கு வந்துச்சா" என்று கேட்டால் மகிழ்ச்சிதான், ஆனால் எவ்வளவு நாள் வருவார்கள்? அதனால் ஏப்ரலில் ஒரு நாள் அவர்களைப் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் ஊர்ப்புற நூலகத்துக்கு நடத்திக் கூட்டிப் போகிறோம். உறுப்பினர் விண்ணப்பத்தைப் பள்ளியிலேயே நிரப்பி, வீட்டில் கையெழுத்து வாங்கி, ஆதார் நகலோடு எடுத்துப் போவோம். நீங்களும் கூட்டிப் போவதாக இருந்தால் முதல் நாளே நூலகருக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். பல ஊர்ப்புற நூலகங்கள் பகுதி நேரம்தான் திறந்திருக்கும், வெயிலில் நடத்திப் போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்பினால் பிள்ளைகள் அடுத்த முறை வர மாட்டார்கள்.